கச்சி நகரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும்

காஞ்சி மாநகருக்கு வழிபாட்டின் பொருட்டு வரும் அன்பர்களுள் பலர், ஒரு கோயிலின் வாயிலில் இறங்கித் தரிசனம் முடித்து, மீண்டும் வண்டியேறி மற்றொரு கோயிலின் வாயிலில் இறங்குகின்றனர். மாலைக்குள் ஐந்தாறு திருக்கோயில்களைக் கண்டுவிட்ட மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர். கோயில்களை அவர்கள் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கோயில்கள் நிற்கும் நிலத்தை அவர்கள் கண்டாரல்லர். ஏகம்பத்திற்கும் அத்திகிரிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று கல் தொலைவு இருப்பதேன்? சமணர் திருக்கோயில் ஆற்றுக்கு அப்பால் தனித்து நிற்பதேன்? நெசவாளர் தெருக்கள் மேற்கே திரண்டிருப்பதேன்? வரதராசப் பெருமாள் ஆண்டுதோறும் பல காத தூரம் கடந்து பாலாற்றங்கரைச் சிற்றூர்களுக்கு எழுந்தருளுவதேன்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், கோயிற் புராணங்களோடு ஆறுகளையும் ஏரிகளையும் சாலைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது காஞ்சி. குன்றுகளோ பள்ளத்தாக்குகளோ இல்லாத சமநிலம் இது. அத்திகிரி என்று மலைப்பெயர் கொண்ட இடமும் உண்மையில் உயர்ந்த கட்டுமானத்தின்மேல் அமைந்த சந்நிதியே. கன்னட நாட்டு நந்தி மலைப்பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் பாலாறு நகருக்குத் தெற்கே செல்கிறது. அதன் வடபுறத்தே, தாமல் பக்கத்திலிருந்து வரும் வேகவதி, நகரின் தென்விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிழக்கு நோக்கி ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடுகிறது. இவ்விரண்டும் ஆண்டு முழுவதும் பெருகியோடும் ஆறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழையின்போது சில நாள் வெள்ளம் வரும். எஞ்சிய நாட்களில் மணலே ஓடும். ஆனால் அந்த மணலின் அடியில் நீர் உண்டு. அந்நீரை ஊற்றுக்கால்களாலும், மழைநீரை ஏரிகளாலும் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்ட நாடு தொண்டை நாடு. காவிரியைப் பெற்ற சோழநாட்டாருக்கு ஆறு தாயாக இருந்தது. தொண்டை நாட்டாருக்கோ ஏரியே தாய். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று வழங்கியதன் காரணமும் இதுவே.

இந்நிலத்தில் எழுந்த நகரத்தின் தோற்றத்தை முதன்முதல் நமக்குக் காட்டுவது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை. திருமாலின் உந்தியில் தோன்றிய தாமரையின் நடுவே உள்ள பொகுட்டினைப் போல நகரம் விளங்கியது என்பது புலவர் கூறும் உவமை. நடுவே உயர்ந்த இடமும், சுற்றிலும் இதழ்களைப் போல விரிந்த பகுதிகளும் கொண்ட ஊர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அந்நூலிலேயே திருவெஃகாவில் அரவணையில் பள்ளிகொண்ட பெருமாளும் குறிக்கப்படுகிறார். ஆகவே இன்று நாம் வணங்கும் திருப்பதிகளுள் ஒன்றேனும் சங்க காலத்திலேயே ஊரின் அடையாளமாக இருந்தது தெளிவு. கச்சி, கச்சிப்பேடு, காஞ்சி என்று பல பெயர்களால் நகரம் வழங்கியது. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் எயிற்கோட்டத்தில் அடங்கியது இது. எயில் என்பது மதில். அம்மதில்களில் இன்று காண்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. கோட்டத்தின் பெயரில் மட்டுமே அவை நிற்கின்றன.

ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நகரின் சுற்றளவை முப்பது லீ என்று குறித்தார். நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு கல். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், எண்பது தேவாலயங்கள் இருந்தன என்றும், சமணரும் மிகுதி என்றும் அவர் எழுதினார். மணிமேகலை தன் வாழ்வின் இறுதிப் பகுதியைக் கழித்ததாகச் சாத்தனார் காட்டுவதும் இந்நகரையே. சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி, ஜின காஞ்சி, புத்த காஞ்சி என்று நான்கு காஞ்சிகளைப் பெரியோர் கூறுவது வெறும் சமயப் பிரிவன்று. நில அமைப்பும் ஆகும். முதல் மூன்றினையும் இன்றும் நிலத்தில் தனித்தனியே காட்ட முடியும். நான்காவதற்கு எல்லை கூற முடியாது. ஊரின் பல இடங்களில் கிடைத்த புத்தர் சிலைகள், அது ஒரு மூலையில் ஒதுங்கியதாக இல்லாமல் எங்கும் பரவியிருந்ததைக் காட்டுகின்றன.

பெரிய காஞ்சியிலிருந்து தொடங்குவோம். காமாட்சியம்மன் திருக்கோயிலைச் சுற்றியுள்ள பகுதியே நகரின் பொகுட்டு. நான்கு ராஜவீதிகள் இங்கே ஒன்றையொன்று செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் இடையே குமரகோட்டம் அமைந்திருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் அருளிய தலம் அது. தந்தைக்கும் தாய்க்கும் நடுவே மகன் அமர்ந்த சோமாஸ்கந்த வடிவத்தை ஊரின் வரைபடத்திலேயே காணலாம் என்று சைவப் பெரியோர் மகிழ்ந்து கூறுவர். பல்லவ மன்னர்கள் தம் கோயில்களின் கருவறைச் சுவரில் மிகுதியாகச் செதுக்குவித்த வடிவமும் சோமாஸ்கந்தமே என்பதை நினைக்கும்போது இக்கூற்றின் சுவை மிகும். மேலும், காஞ்சியின் பழைய சிவாலயங்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி வழங்குவதில்லை. காமக்கோட்டமே அனைத்துக்கும் பொதுவான அம்பாள் சந்நிதி. இதனால் ஊர் முழுவதும் ஒரே கோயிலாகிவிடுகிறது. தெருக்கள் அதன் பிராகாரங்கள் ஆகின்றன.

ஏகம்பத்தின் தெற்கு ராஜகோபுரத்தை 1509ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பினார். வயல்வெளிகளில் எத்திசையிலிருந்து வருபவருக்கும் முதலில் கண்ணிற்படுவது அதுவே. நாற்புறமும் உயர்ந்த மலையில்லாத நாட்டில் கோபுரமே திசைகாட்டி. ஆனால் பல்லவர் காலத்துக் கச்சியை அறிய விரும்புவோர் கோபுரத்தை விட்டு மேற்கே நடக்க வேண்டும். ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் அங்கே ஊரின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் இந்நகரைக் கைப்பற்றியபோது, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு கவராது மீண்டும் இறைவனுக்கே அளித்ததாகத் தன் கன்னடக் கல்வெட்டை இங்குள்ள மண்டபத் தூணொன்றில் பொறித்துச் சென்றான். பகைவன் பொறித்த சாசனத்தை அழிக்காமல் விட்டதும் காஞ்சியின் பெருந்தன்மையே. கிழக்கே பரமேச்சுர விண்ணகரம் என்னும் வைகுந்தப் பெருமாள் கோயில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. பல்லவர் வரலாற்றைத் தொடர்ச் சிற்பங்களாகத் திருச்சுற்றில் செதுக்கி வைத்த கோயில் அது. இவ்விரண்டையும் இரு முனைகளாகக் கொண்டால், எட்டாம் நூற்றாண்டுக் கச்சியின் கிழக்கு மேற்கு நீளம் ஒருவாறு விளங்கும்.

தேவாரம் பெற்ற ஐந்து தலங்கள் காஞ்சியில் உண்டு. ஏகம்பம், திருமேற்றளி, ஓணகாந்தன்தளி, அநேகதங்காவதம், நெறிக்காரைக்காடு என்பன அவை. இவற்றுள் பின்னைய நான்கும் நகரின் ஓரங்களில் அமைந்தவை. காரைக்காடு என்ற பெயரே அவ்விடம் ஒருகாலத்தில் காரைச் செடிகள் அடர்ந்த புறநிலமாயிருந்ததைச் சொல்கிறது. ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசங்களோ நகருக்குள் பதினான்கு. அவற்றுள் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கும் உலகளந்த பெருமாள் கோயிலின் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நிலாத்திங்கள் துண்டம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளும், கள்வனூர் காமாட்சியம்மன் கோயிலுக்குள்ளும் உள்ளன. சைவமும் வைணவமும் இரு துருவங்கள் என்று எண்ணுவோர், திருமங்கையாழ்வார் பாடிய பெருமானைச் சேவிக்கச் சிவாலயத்தினுள் நுழைய வேண்டியிருப்பதைச் சற்றே சிந்திப்பாராக.

பெரிய காஞ்சியிலிருந்து சின்ன காஞ்சி செல்லும் வழியில் இருக்கிறது திருவெஃகா. பிரமனின் வேள்வியை அழிக்கச் சரஸ்வதி வேகவதி ஆறாய்ப் பெருகி வந்தபோது, திருமால் குறுக்கே பள்ளிகொண்டு அணையாய்க் கிடந்தார் என்பது தலபுராணம். வேகமாக வந்த ஆறும் அணையான பெருமாளும் சேர்ந்து வேகவணை என்றாகி, அது வெஃகா என மருவியது என்பர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பது வேறு செய்தி. ஆனால் ஆற்று வெள்ளத்தின் அச்சமும் அதனைத் தடுத்த கரையின் நன்றியும் இப்புராணத்தில் உறைந்திருப்பதைக் காணக் கண் வேண்டும். அணைகட்டி வாழ்ந்த மக்கள் தம் இறைவனையே அணையாகக் கண்டனர். அருகே வேதாந்த தேசிகர் 1268ஆம் ஆண்டில் அவதரித்த தூப்புல், விளக்கொளிப் பெருமாள் சந்நிதியோடு விளங்குகிறது.

அத்தியூர் என்று கல்வெட்டுகள் குறிக்கும் சின்ன காஞ்சி, தொடக்கத்தில் தனியூர். சோழர் காலம் முதல் விசயநகர மன்னர் காலம் வரை வரதராசப் பெருமாள் கோயில் மதிலுக்கு மேல் மதிலாக வளர, ஊரும் மேற்கு நோக்கி வளர்ந்து பெரிய காஞ்சியைச் சென்று தொட்டது. அத்தி மரத்தாலாகிய ஆதி மூர்த்தி அனந்தசரஸில் நாற்பது ஆண்டுகளுக்கொருமுறை வெளிப்படுவதை 1979ஆம் ஆண்டிலும், பின்னர் 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் 48 நாட்களும் மக்கள் கண்டனர். அந்நாட்களில் நாடெங்கிலும் இருந்து வந்து திரண்ட கூட்டத்தைத் தாங்க முடியாமல் இந்நகரின் தெருக்கள் திணறியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வேகவதிக்குத் தென்கரையில், பிள்ளையார்பாளையத்துக்கு எதிரே, திருப்பருத்திக்குன்றம் என்னும் ஜின காஞ்சி. பல்லவன் சிம்மவர்மன் பருத்திக்குன்றிலிருந்த வர்த்தமானர் கோயிலின் வச்சிரநந்தி முனிவருக்கு நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடுகள் கூறுகின்றன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகரத்து அமைச்சனும் படைத்தலைவனுமாகிய இருகப்பன் இங்கே மண்டபம் கட்டினான். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக இன்றும் உள்ளன. காஞ்சிக்கு வரும் பதின்மரில் ஒருவர்கூட ஆற்றைக் கடந்து இதனைக் காண்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

நெசவாளர் பகுதிகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பட்டு என்றவுடன் காஞ்சியை நினைக்கும் உலகம், அப்பட்டை நெய்தவர்கள் இந்நகரின் கோயில்களை எவ்வாறு காத்தனர் என்பதை அறியாது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் முதலைப் பற்றியும் அதிலிருந்து நடக்க வேண்டிய வழிபாடுகளைப் பற்றியும் அது பேசுகிறது. கம்பூழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்று காஞ்சியின் நான்கு பட்டசாலியர் சேரிகளை அது குறிப்பிடுகிறது. அரசனுக்குரிய ஆடைகளை நெய்த இம்மக்களிடமே கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கோயிலின் பொன்னுக்குப் பொறுப்பேற்றவர்கள் பெருநிலக்கிழார் அல்லர். தறியில் அமர்ந்த கைகள் உடையவர்களே. நகரின் பகுதிகள் தொழிலாலும் கோயிற் கடமையாலும் சேர்த்தே வகுக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

இன்று பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடப்பவர், தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டப்பட்டிருப்பதைச் சில இடங்களில் இன்னும் காணலாம். அகன்று நேராகச் செல்லும் தெரு தேருக்கும் வேண்டும்; பாவுக்கும் வேண்டும். சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட வந்த ஸ்காட்லாந்து நாட்டு நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், 1915ஆம் ஆண்டளவில் காஞ்சியைக் கண்டு அதன் அமைப்பை வியந்தெழுதினார். அவர் வியந்த அகலம் இறைவனுக்கும் நெசவாளனுக்கும் பொதுவாக விடப்பட்ட அகலம். பட்டு இழை கன்னட நாட்டிலிருந்தும், சரிகை பெரும்பகுதி சூரத்திலிருந்தும் வருகின்றன. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை வேலை மட்டும் இம்மண்ணுக்கு உரியது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய சுற்றூர்களிலும் தறிகள் பரவின. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005ஆம் ஆண்டளவில் கிடைத்தது. ஆயினும் தந்தையின் தறியில் அமர விரும்பும் மக்கள் குறைந்துவருகின்றனர். விசைத்தறிச் சேலையைக் கைத்தறிச் சேலை என்று வாங்கிச் சுவாமிக்குச் சாத்துவோர், அறிந்தோ அறியாமலோ அப்பழைய நான்கு சேரிகளின் வழிவந்தோருக்கு இழைக்கும் குறை சிறிதன்று.

வேகவதிக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஓரிக்கையும் செவிலிமேடும் உள்ளன. இவை இரண்டும் வைணவ வரலாற்றில் நிலைத்த பெயர்கள். பல்லவ மன்னனின் ஆணையால் கணிகண்ணர் நகரை நீங்க, அவர் பின்னே திருமழிசையாழ்வாரும் புறப்பட, ஆழ்வார் வேண்டியபடி திருவெஃகாப் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார். மூவரும் ஓரிரவு தங்கிய இடமே ஓரிரவிருக்கை. அது ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் தன் பிழை உணர்ந்து வேண்ட, மூவரும் திரும்பினர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமம் அதனால் வந்தது. நகரின் எல்லையைக் கடந்தவுடன் இரவு வந்துவிட்டது என்பதால், அந்நாளில் ஓரிக்கை ஊருக்குப் புறம்பே ஒரு நடையளவில் இருந்ததும் இவ்வரலாற்றில் வெளிப்படுகிறது. இன்று காஞ்சியிலிருந்து ஓரிக்கை எங்கே தொடங்குகிறது என்று வண்டியில் செல்பவரால் கூற முடியாது.

செவிலிமேட்டில் சாலைக்கிணறு உண்டு. யாதவப் பிரகாசரின் மாணவர் கூட்டத்தோடு வடதிசை யாத்திரை சென்ற இராமாநுசர், தம் உயிருக்கு வந்த இடரை அறிந்து விந்தியக் காட்டில் பிரிந்தபோது, வேடுவத் தம்பதியராய் வந்து வழிகாட்டிய பெருமாளும் பிராட்டியும் விடியலில் அவரை விட்டுச் சென்ற இடம் அது. அதன்பின் திருக்கச்சி நம்பிகளின் சொற்படி, நாள்தோறும் இக்கிணற்று நீரையே வரதனின் திருமஞ்சனத்துக்குச் சுமந்து சென்றார் இராமாநுசர். குடத்தைத் தோளில் வைத்து அத்திகிரி வரை நடந்த அவ்வழியை இன்று ஒருவர் நடந்து பார்ப்பாராயின், கைங்கரியம் என்ற சொல்லின் எடை விளங்கும். அவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அவர் பாடங்கேட்ட திருப்புட்குழி மேற்கே 13 கிலோமீட்டர் அளவில், வேலூர்ச் சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை அடுத்தது. நம்பிகளின் ஊர் பூவிருந்தவல்லி சென்னைச் சாலையில். விசிட்டாத்வைதத்தின் இளமை முழுவதும் இந்த ஒரே சாலையின் ஓரமாக நடந்தது என்று கூறுதல் மிகையாகாது.

வடக்கே வயல்களுக்கு நடுவிலுள்ள புள்ளலூரை யாத்திரிகர் அறியார், படைகள் அறியும். மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரை அங்கே வென்றான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்ததாகச் சாளுக்கியப் புலிகேசியின் ஐகோளெக் கல்வெட்டு கூறுகிறது. இரண்டும் தத்தம் அரசரைப் புகழ எழுந்தவை. பகைவர் காஞ்சியின் வாயில்வரை வந்தனர் என்பதே இரண்டிலிருந்தும் தேறும் உண்மை. பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அதே புள்ளலூர் வெளியில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தனர். காஞ்சியில் தங்கியிருந்த மன்ரோவின் படை, பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியது. அரங்கநகர்ப் பட்டினமாகிய ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. சமநிலத்தில் அமைந்த செல்வ நகருக்கு இயற்கை அரண் இல்லை. காஞ்சி பட்ட துன்பங்களுள் பாதி இந்நில அமைப்பால் வந்தவையே.

போர்களுக்குப்பின் சிதைந்த ஏரிகளை 1794 முதல் 1798 வரை ஜாகீர்ப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பழுதுபார்க்கச் செய்தார். வரதராசர் கோயிற் காரியங்களிலும் அவர் ஈடுபாடு கொண்டார். வரி வசூலின் கண்கொண்டு பார்த்தவராயினும், ஏரி நிறைந்தால்தான் களஞ்சியம் நிறையும் என்பதை உணர்ந்தவர். கிழக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில், நவாப் வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபாத் ஆங்கிலேயரின் படைவீடாக எழுந்தது. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குச் சிறிய இருப்புப்பாதை வந்தது. பின்னர் அது மீட்டர் பாதையாக மாறிச் செங்கற்பட்டு வரை நீண்டது. நகராட்சி 1866இல் அமைந்தது.

தெற்கே பாலாற்றைக் கடந்தால் மாமண்டூர். மகேந்திரவர்மனின் குடைவரைகளும் அவற்றின் முன்னே பரந்த ஏரியும் அங்கே உள. சித்திரமேகத் தடாகம் என்று அவ்வேரிக்குப் பழம்பெயர். அருகே குரங்கணில்முட்டம், தேவாரத் தலம். தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி அனைவரும் அறிவர். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து அமைத்த வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர். ஊரார் கூடித் தேர்ந்தெடுக்குமளவுக்கு ஏரியின் கரையும் மதகும் தூர்வாருதலும் முதன்மையாக இருந்தன. அங்குள்ள ஏரி பல்லவன் தந்திவர்மன் காலத்து வயிரமேகத் தடாகம். வாலாஜாபாத்துக்கு அருகே தென்னேரி, திரையன் ஏரி என்பதன் மரூஉ என்றும், இளந்திரையன் பெயர் தாங்கியது என்றும் கூறுவர். பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுசென்ற கம்பன் கால்வாயும் ஒரு பல்லவ மன்னன் பெயரால் வழங்குகிறது என்பர். மன்னர்கள் கட்டிய அரண்மனைகளுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவர்கள் வெட்டிய ஏரிகள் எஞ்சின.

நாடு விடுதலை பெற்றபின் நகரின் எல்லை விரைந்து மாறியது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிருந்த காஞ்சி, 1997ஆம் ஆண்டு சூலையில் தன் பெயராலேயே அமைந்த மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் நகராட்சியின் மக்கள்தொகை 1,64,000க்கு மேல். அவ்வாண்டிலேயே செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை முதலிய சுற்றூர்கள் நகரோடு சேர்ந்தன. 2021இல் காஞ்சி மாநகராட்சி ஆனது. வடக்கே பெங்களூர் நெடுஞ்சாலை, கிழக்கே ஸ்ரீபெரும்புதூரின் மோட்டார்த் தொழிற்சாலைகள், 2022இல் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கென அறிவிக்கப்பட்ட பரந்தூர் என்று நாற்புறமும் நிலத்தின் விலை உயர்ந்துகொண்டே வருகிறது. பரந்தூரைச் சுற்றிய ஊரார் தம் வயல்களும் ஏரிகளும் போய்விடுமே என்று போராடியதும் நாடறிந்த செய்தி.

இவ்வளர்ச்சியில் அதிகம் இழந்தவள் வேகவதி. தலபுராணத்தில் பெருமாளே படுத்துத் தடுக்க வேண்டியிருந்த ஆறு, இன்று பல இடங்களில் கழிவுநீர் ஓடும் ஓடையளவு சுருங்கியது. கரைகளில் வீடுகள் நெருங்கின. வேறு இடமில்லாத எளியோர் கட்டிய வீடுகள் அவற்றுள் மிகுதி. அவர்களைக் குடியமர்த்தக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பாலாற்றிலோ மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்தது. மணல் போனபின் ஊற்று எவ்வாறு நிற்கும்? 2021 நவம்பரில் பல்லாண்டுகள் காணாத பெருவெள்ளம் பாலாற்றில் வந்தபோது, ஆறு இறந்துவிட்டது என்று கருதியவர்கள் கரையில் நின்று வியந்து பார்த்தனர்.

திருக்கோயில்களுக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் இவ்விடத்தில் திருமுக்கூடலை நினைத்தல் தகும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிக்கப்பட்டது. கோயிலின் வருவாயிலிருந்து வேதமும் ஆகமமும் பயிலும் மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தந்ததை அது கூறுகிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலை, அதற்கு ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு அளித்த ஊதியத்தையும் அது கணக்கிட்டுரைக்கிறது. அக்காலத்துக் கொடையாளர் கற்சுவரோடு நின்றுவிடவில்லை.

அத்திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையிலுள்ளது பழைய சீவரம். மாட்டுப்பொங்கல் நாளில் காஞ்சி வரதர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கடந்து அங்கே எழுந்தருள்கிறார். மலைமேல் தங்கி, பின்னர் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்கிறார். சீவரத்து நரசிம்மரும், சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்களின் பெருமாள்களும் அங்கே அவரோடு கூடுகின்றனர். இன்று அத்திகிரியில் நாம் சேவிக்கும் மூலவர் பழைய சீவரத்திலிருந்து எழுந்தருளியவர் என்பது மரபு; ஆகவே இது பிறந்த ஊருக்குச் செல்லும் யாத்திரை போன்றது. வழிநெடுக உள்ள ஊர்கள் வாசலில் கோலமிட்டு விழித்திருக்கின்றன. தைப்பூசத்தில் ராஜகுளத்துத் தெப்பம், வைகாசியில் கருடன்மேல் பெரிய காஞ்சிக்குச் சென்று கங்கைகொண்டான் மண்டபத்தில் தங்குதல் என்று ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் அவர் ஒரு திசையில் செல்கிறார். வருவாய்த் துறையார் வரைந்த எல்லைக் கோடு எத்தனையோ முறை மாறிவிட்டது. பெருமாள் செல்லும் வழி மாறவில்லை.

சித்திரை முழுநிலா நாளில் அவர் செல்வது தெற்கே ஐயங்கார்குளம். வேங்கடபதி ராயர் காலத்தில் வரதராசர் கோயிலின் காரியங்களை நடத்திய இலட்சுமிகுமார தாத்தாசாரியார் அங்கே பெரிய குளம் வெட்டிச் சஞ்சீவிராயருக்குக் கோயிலும் எடுத்தார். அருகே பூமிக்கடியில் மண்டபத்தோடு கூடிய நடவாவிக் கிணறு. நடந்து இறங்கும் வாவி என்பதே நடவாவி. ஆண்டு முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் அம்மண்டபம் அந்நாளுக்கென்று நீர் இறைக்கப்பட்டு வெளிப்படுகிறது. தீவட்டி ஒளியில் பெருமாள் படிக்கட்டுகளில் இறங்கி, மண்டபத்தை வலம் வருகிறார். அங்கிருந்து புறப்பட்டுப் பாலாற்றுக்கு எழுந்தருள்கிறார். சித்திரை வெயிலில் ஆற்றில் வெள்ளம் ஏது? மணலில் குழி தோண்டுகிறார்கள். தோண்டிய குழியில் சிறிது நேரத்தில் நீர் ஊறுகிறது. அதற்கு ஊறல் உற்சவம் என்று பெயர்.